ஆ-யுன் வாசிக்காமல் விட்ட இடம்

நார்வே நாட்டில் பெர்கன் என்ற ஊரில், ஆயுளில் ஒரு வரிகூடப் பாடியறியாத பல் வைத்தியர் ஒருவர் தூக்கத்தில் பாடினார். இரண்டாவது அடியில் அவருக்குச் சுருதி இறங்கிப்போனது. தலைமாட்டில் கிடந்த ஃபோனில் ஓடிய வாத்தியமும் கூடவே இறங்கியது. மூன்றாவது அடியில் மூச்சு வாங்க நின்றார், ஃபோனும் நின்றது. அவர் மனைவி எழுந்து உட்கார்ந்து முழுப்பாட்டையும் கேட்டாள். காலையில் காப்பி ஊற்றும்போது, "நல்லாத்தான் இருந்துது, நடுவுல கொஞ்சம் பிசகிட்டீங்க, ஆனா ஃபோன் சமாளிச்சிடுச்சு" என்று சொன்னாளாம். அதே வாரத்தில் பிரேசிலில் ஒரு லாரி ஓட்டுநரும், டொராண்டோவில் ஒரு கணக்கு டீச்சரும், இன்னும் எத்தனையோ பேரும் அவரவர் பாட்டை அவரவர் பாஷையில் தூங்கிக்கொண்டே பாடினார்கள். எல்லோரும் ஒரே பாட்டுத் தொகுப்பை ஓடவிட்டுப் படுத்தவர்கள். 'ஆழ்ந்த உறக்கம்' என்று அதற்குப் பெயர். அதில் அக்கார்டியன் வாசிப்பவர் லார்ஸ் எக்லுண்ட் என்றும், உறைந்த ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் கிழட்டு நாயோடு தனியாக வாழ்கிறார் என்றும் படத்தோடு போட்டிருந்தது. ஏரி நிஜம். நாயும் எங்காவது இருந்திருக்கலாம். லார்ஸ் மட்டும் கிடையாது. வாசித்தவள், தைப்பேக்குப் பக்கத்தில் எங்கள் கீலுங் துறைமுகத்தில், மீன் உருண்டைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஜியான் பி-யுன். ஊருக்கு அவள் ஆ-யுன்.

ஆ-யுன் நகாஷிக்காரி. கழுத்தில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு, சனங்கள் சாப்பிட்டுக் குடிக்கிற இடங்களில் மேசை மேசையாகப் போவாள். விருந்தாளி பாடுவான், அவள் பின்னால் வாசிப்பாள். அவன் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் சரி, நடுவில் எங்கே தாவினாலும் சரி, வரி மறந்து அழுதாலும் சரி, அவள் கூடவே போவாள். "சுருதி தப்பினவன்னு உலகத்துல எவனும் இல்ல, பின்னால போகத் தெரியாத வாத்தியக்காரன்தான் உண்டு" என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு. வேறு சட்டங்களும் உண்டு. பாட்டுக்கு முன்னால் வாத்தியக்காரர் தன் பேரைச் சொல்ல வேண்டும். பாட ஆரம்பித்த விருந்தாளியை நடுவழியில் தனியாக விடக் கூடாது. பாடி முடித்தவர் இரண்டு கையாலும் ஒரு கிண்ணம் ஊற்றி, வாசித்தவரின் பேரைச் சொல்லி நீட்ட வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் முடிந்ததை மடித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எழுதி மாட்டவில்லை. கீலுங்கில் மழை பெய்யும் என்று யாராவது எழுதி மாட்டுகிறார்களா?

அவளுடைய கூட்டாளி தோங், தாளக்காரர். தன் பழைய ஸ்கூட்டரின் முன்னால் தாளப்பெட்டியையும் பின்னால் ஆ-யுனையும் அவள் மடியில் அக்கார்டியனையும் ஏற்றிக்கொண்டு, மழைக்கோட்டுக்குள் நான்கு பேர் குடும்பம்போல ஊரைச் சுற்றுவார். கோயில் திருவிழா, கப்பல்காரர்களின் பார், ஓய்வு பெறுகிற சுங்க அதிகாரிக்கு விருந்து என்று வேலைக்குக் குறைச்சல் இல்லை. கூலிக்குத்தான் குறைச்சல். அதனால் தைப்பேயிலிருந்து 'மென்பனி இசை' என்ற கம்பெனி கூப்பிட்டபோது, ஒரு மாத வாடகை கிடைக்கிறதே என்று போனாள்.

மெத்தைக் கடை ஒன்றின் மேல்மாடியில் பதிவறை. கம்பெனி ஆள் கோ, முப்பது தாண்டியவன், ராத்திரியெல்லாம் கண்விழித்து உலகத்தைத் தூங்க வைக்கிறவன். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கும்.

"கேட்டும் கேக்காத மாதிரி இருக்கணும்க்கா. யாரும் கவனிச்சிடக் கூடாது" என்றான்.

"கவனிக்கக் கூடாதுன்னா என்னை எதுக்குப்பா கூப்பிட்ட? ஃபேனைப் போட்டுப் பதிவு பண்ணிக்கோ."

"ஃபேனும் வச்சிருக்கோம்க்கா. அது வேற தொகுப்பு."

அன்றைக்கு மத்தியானம் முழுக்க வாசித்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், பழக்க தோஷம், "பி-யுன் வாசிக்கிறேன், நீங்க பாடுங்க" என்று சொன்னாள். இன்னொரு பழக்க தோஷமும் இருந்தது. முன்னிசை முடிந்ததும் நகாஷிக்காரியின் கை தானாகப் பின்வாங்கும். அது பாடுகிறவனுக்கு விட்ட இடம். ஆளே இல்லாத அறையில், மூன்று பக்கமும் பஞ்சு அடித்த சுவருக்கு நடுவில், ஆ-யுன் அடிக்கு அடி அந்த இடத்தை விட்டு விட்டு வாசித்தாள். கம்பெனி அவள் பேரைச் சொன்ன துண்டுகளையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டது. இடைவெளிகளை மட்டும் 'அமைதியா இருக்கு' என்று அப்படியே வைத்துக்கொண்டது. வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு வெட்டக் கூடாததை வெட்டினார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

அடுத்து வந்த மாதங்களில் ஆ-யுனின் அக்கார்டியன் தானாக மூச்சுவிட ஆரம்பித்தது. நார்வேக்காரன் படுக்கிற நேரம் எங்களுக்கு விடிகாலை, அமெரிக்காக்காரன் படுக்கிற நேரம் எங்களுக்கு உச்சிவேளை. அவள் பல் துலக்கும்போது நாற்காலியில் இருக்கிற அக்கார்டியனின் துருத்தி மெல்ல விரிந்து சுருங்கும். மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடும்போது கட்டைகள் தாமாக இறங்கி ஏறும். சத்தம் பெரிதாக வராது, பெட்டிக்குள் பூனை தூங்குகிற அளவுக்குத்தான். எங்கள் பக்கத்தில் லார்ஸுக்கு அவ்வளவு மவுசு இல்லாததால் ராத்திரியில் அது சும்மா இருந்தது, அந்த மட்டில் புண்ணியம். ஆனால் தோள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. முழங்கை மடக்க முடியவில்லை. வைத்தியரிடம் போனாள். "நாள் முழுக்க வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லையே, ஒரு மாசமா வேலையே இல்லையே" என்றாள். அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மூலிகைப் பற்றுப் போட்டு அனுப்பினார். கீழ்க்கடை மீன் உருண்டைக்காரி சியோக் அக்கா துருத்தி அசைவதைப் பார்த்து, "உன் பெட்டிக்கு யாரோ வேலை குடுத்திருக்காங்க, உனக்குச் சொல்லல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

வேலை இல்லை என்றது பொய்யில்லை. கால்வாய் ஓரத்து நண்டுக்கடை ஜின்-ஃபா, பத்து வருஷத்துக்கு மேலாக வாரம் மூன்று நாள் அவளைக் கூப்பிட்டவன், திடீரென்று வர வேண்டாம் என்றுவிட்டான், அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. அவள் நேரில் போய்க் கேட்டாள்.

"தப்பா நினைக்காத ஆ-யுன். இப்ப வெளிநாட்டு வாத்தியம் போடுறேன். கப்பல்ல வர்ற டூரிஸ்டுங்களுக்குப் பிடிச்சிருக்கு. லார்ஸுன்னு ஒருத்தன். சோறு கேக்க மாட்டான், மழைன்னு லேட்டா வர மாட்டான், தாளக்காரனைக் கூட்டிட்டு வந்து பியர் குடிக்க மாட்டான்" என்று நண்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"வாசிக்கவாவது தெரியுமா அவனுக்கு?"

"என்ன அப்படிச் சொல்லிட்ட! ஏரிக்கரையில தனியா வாழுறான். அதுல ஒரு உண்மை இருக்கு. உன்கிட்ட அது இல்லைன்னு சொல்லல. ஆனா இது வேற."

மேலே ஒலிபெருக்கியில் லார்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். ஆ-யுன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய அக்கார்டியனின் துருத்தியில், இடதுபக்க மூலையில், சைக்கிள் கடையில் போட்ட ஒட்டு ஒன்று உண்டு. இழுக்கும்போதெல்லாம் அங்கே 'ஸ்ஸ்' என்று காற்றுக் கசியும். உறைந்த ஏரிக்கரையிலிருந்து வந்த அந்த உண்மையான இசையில் அடிக்கு அடி அந்த 'ஸ்ஸ்' கேட்டது. அவள் இரத்தம் தலைக்கு ஏறியது. தன்னையே வைத்துத் தன் வயிற்றில் அடித்துவிட்டார்கள்!

"ஜின்-ஃபா, அது நான்."

அவன் சிரித்தான். நல்ல மனசோடுதான் சிரித்தான், அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "போ ஆ-யுன், கோவத்துல பேசுற. அவன் படத்தை வேணா காட்டவா?" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தான். அவள் நண்டுத் தொட்டி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. வாசிப்பது தான்தான் என்று ஆகவேண்டும். அது ஆகாவிட்டால் லார்ஸ் அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் கையாலேயே வாசித்து, கடைசிவரை அவள் சோற்றைத் தின்பான்.

தோங் அண்ணன்தான் கோவின் நம்பரைத் தேடிப் பிடித்தார். கோ ஃபோனில் குழைந்தான். தூங்குகிறவர்கள் பாடுவதாகப் புகார் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போடுகிறார்கள், அந்த இடைவெளிகளை நிரப்பி இன்னொருதரம் வாசித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். "அது பாடுறவன் மூச்சு விடுற இடம். அதுல நான் கால் வைக்க மாட்டேன்" என்றாள். கம்பெனி ஒரு இயந்திரத்தை வைத்து நிரப்பிப் பார்த்தது. கேட்டவர்கள் ராத்திரியெல்லாம் வாயைத் திறந்தபடி, கதவடைத்த வீட்டு முன்னால் நிற்கிற விருந்தாளி மாதிரி கிடந்து, காலையில் தொண்டை கட்டி எழுந்தார்கள். எல்லோரும் பழையதையே கேட்டார்கள். அதற்குள் தூக்கத்தில் பாடுவது புது நாகரிகமாகிவிட்டது. இரவில் பாடியவர்கள் பகலில் யாரோடும் சண்டை போடுவதில்லை என்று ஒரு பேச்சு. லார்ஸ் எக்லுண்டுக்குக் கோடிக்கணக்கில் காதுகள் சேர்ந்தன. ஆ-யுனுக்கு மூலிகைப் பற்றுச் செலவு சேர்ந்தது.

அப்புறம்தான் கோ கீலுங்குக்கே வந்தான். குடை பறந்துபோய், தொப்பலாக நனைந்து, நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டு மாடி ஏறினான். பைக்குள் ஒரு பத்திரம். வாசித்தது லார்ஸ், ஜியான் பி-யுன் என்ற நபருக்கும் இந்த இசைக்கும் சம்பந்தமில்லை, இனி எங்கும் தன்னுடையது என்று சொல்ல மாட்டார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒரு சின்ன வீடு வாங்குகிற தொகை. யோசிக்க ஒரு வாரம். தோங் அண்ணன் தொகையை இரண்டுதரம் விரல் வைத்துப் படித்தார். அவர் ஆ-யுனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், பிறைக்கட்டைகளை அவள் கையில் கொடுத்து, சாமியைக் கேட்கச் சொன்னார். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சரி, இரண்டும் கவிழ்ந்தால் வேண்டாம், இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். எத்தனைமுறை போட்டாலும் சாமி சிரித்தது.

"கேள்வியை ஒழுங்காக் கேட்டியா?"

"நான் நானில்லன்னு எழுதிக் குடுக்கவான்னு கேட்டேண்ணே."

தோங் அண்ணன், "சிரிக்காம என்ன பண்ணும்" என்று கட்டைகளை எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஆ-யுன் நேராக நாற்காலியருகே போனாள். துருத்தி அசைந்துகொண்டிருந்தது, உச்சிவேளை, அமெரிக்கா பாடிக்கொண்டிருந்தது. அவள் துருத்தியை அழுத்தி மூடி, மேலும் கீழும் இருக்கிற தோல்வார்களை இழுத்துக் கொக்கி மாட்டினாள். அக்கார்டியன் ஒருமுறை திமிறிவிட்டு அடங்கியது. உலகம் பூராவும் அந்த நிமிஷம் முன்னிசை மட்டும் ஒலித்தது. அதற்குப் பிறகு பின்னால் யாரும் இல்லை. பாடியவர்கள் பாதி வரியில், மாடிப்படி இருக்கிறதென்று காலை வைத்து விழுந்தவர்கள்போலத் திடுக்கிட்டு எழுந்தார்கள். மறுநாளும் அப்படியே. பெர்கன் பல் வைத்தியர் தன் நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டே தூங்கி விழுந்ததாக அந்த ஊர்ப் பேப்பரில் வந்தது. எங்கள் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூலிகள் வேலைநிறுத்தம் செய்வதுண்டு. பாரந்தூக்கிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், கப்பல்கள் காத்துக் கிடக்கும். அந்த மாதிரிதான் இது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். சியோக் அக்கா தினமும் ஒரு கிண்ணம் மீன் உருண்டை இனாமாக மேலே அனுப்பினாள், ஸ்டிரைக் செய்கிறவர்களுக்கு அனுப்புகிற வழக்கம்.

வார முடிவில் கோ மறுபடியும் நனைந்துகொண்டே வந்தான். இந்தத்தடவை அவன் குழையவில்லை. வேலை போய்விடும் போலிருந்தது அவனுக்கு.

"அக்கா, ஒப்பந்தத்தைப் படிங்க. அன்னைக்கு நீங்க வாசிச்சது எல்லாம், ஒவ்வொரு சத்தமும் கம்பெனிக்குச் சொந்தம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்படி நிறுத்தி வைக்கிறது திருட்டு."

"நான் வாசிச்சது உங்களுது."

"ஆமா."

"எடுத்துக்கோ. அதை யாரு தடுத்தா? முன்னிசை ஒழுங்கா வருதுல்ல? இப்ப சொல்லு, நான் வாசிக்காம விட்ட இடம் எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

கோ காகிதத்தைப் புரட்டினான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். தைப்பேக்கு ஃபோன் போட்டான். அங்கே வக்கீல்கள் பேசிக்கொள்வது ஆ-யுனுக்கே கேட்டது. சத்தத்தை வாங்கியிருக்கிறோம், சத்தம் இல்லாததை வாங்கியிருக்கிறோமா என்று அவர்களுக்குள்ளேயே அடிதடி. ஒருவர் வாங்கியிருக்கிறோம் என்றார். இன்னொருவர், அப்படியென்றால் உலகத்திலுள்ள எல்லா மௌனத்துக்கும் நாம் காசு கேட்கலாமே என்றார். கூப்பிடுகிறோம், இருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

வெளியே மழை ஒரே சீராகக் கொட்டியது. கீழே மீன் உருண்டைச் சட்டியின் சூடு மாடிக்கு ஏறி வந்தது. கோ பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தபடி இருந்தவன், அப்படியே கண்ணயர்ந்தான். எத்தனை நாள் தூக்கமோ, தலை ஒரு பக்கம் தொங்கியது. கையிலிருந்த ஃபோனில் லார்ஸின் முன்னிசை ஓடி முடிந்தது. இடைவெளி வந்தது. கோ பாட ஆரம்பித்தான்.

ஆ-யுனுக்குத் தெரியாத பாட்டு. ஊரில் யாருக்குமே தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான்கு பையன்களாகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தானாம், அவனே எழுதிய பாட்டு, எங்கும் வெளிவரவில்லை. ஒரு பெண்ணுக்குக் கடன் கொடுத்த குடை பற்றிய பாட்டு. சகிக்க முடியாத குரல். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனான், கீழே போனவன் மேலே வரத் தெரியாமல் தடவினான். பின்னால் ஒருவரும் இல்லை. நடுக்கடலில் கட்டையைத் தேடுகிறவன்போல வலதுகையை நீட்டி நீட்டிப் பிடித்தான். கதவோரம் உட்கார்ந்திருந்த தோங் அண்ணன் தரையைப் பார்த்தபடி தொடையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை.

ஆ-யுன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவன் எதிராளி. இவன்தான் லார்ஸைச் செய்தவன், இவன்தான் அவள் பேரை வெட்டி எறிந்தவன். வாரை அவிழ்த்தால் பிடித்த பிடி போச்சு. ஆனால் பாட ஆரம்பித்த விருந்தாளியை நடுவழியில் விடக் கூடாது. இந்தப் பையனுக்கு அந்தச் சட்டமே தெரியாது, தெரியாதவனைத் தண்டித்து என்ன பயன்? அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு, கோபத்தில். "சனியனே, நல்ல நேரம் பாத்துத் தூங்கின" என்று வைதுகொண்டே கொக்கிகளைத் தட்டிவிட்டு, அக்கார்டியனைக் கழுத்தில் மாட்டினாள். பிறகு, யாரும் வெட்ட முடியாதபடி நெஞ்சு நிமிர்த்தி, முழுக்குரலில் சொன்னாள்:

"ஜியான் பி-யுன் வாசிக்கிறேன். கீலுங். நீங்க பாடுங்க."

துருத்தி விரிந்தது. கோ தடவிக்கொண்டிருந்த சுருதி எதுவோ, அதற்கே போய்ச் சேர்ந்தாள். அவன் கீழே போனால் கீழே, நின்றால் நின்று. குடைப் பாட்டு எழுந்து நடந்தது. அந்த நேரத்தில் உலகத்தில் படுத்திருந்தவர்கள் அத்தனை பேருடைய தலைமாட்டிலும் அவள் குரல், எங்கள் ஊர்ப் பேச்சில், அப்படியே கேட்டது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அது ஒரு பேர் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பாட்டு முடிந்ததும் கோ விழித்தான். முகம் நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தான். பிறகு எழுந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, மேசையிலிருந்த தேநீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். மடித்து வைக்க அவனிடம் இருந்தது அந்தப் பத்திரம்தான். அதை மடித்துக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தான்.

"பி-யுன் அக்கா" என்றான்.

அவள் ஒரே மடக்கில் குடித்தாள். "பாட்டு மோசமில்ல. அந்தக் குடையைத் திருப்பிக் குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அதான் இன்னைக்கும் நனைஞ்சு வந்த" என்றார் தோங் அண்ணன்.

மறுநாள் கம்பெனி லார்ஸ் எக்லுண்டை ஏரி, நாய், பாட்டு எல்லாவற்றோடும் அழித்துவிட்டது. கோவுக்கு வேலை போனது. சில காலம் தோங் அண்ணனின் ஸ்கூட்டரில் தாளப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து திரிந்துவிட்டு, பிறகு தைப்பேயில் ஒரு குடைக்கடையில் சேர்ந்தான், ராசியான வேலைதான். பாட்டை அழிக்க முடிந்தது, இடைவெளியை அழிக்கக் கம்பெனிக்கு வழி தெரியவில்லை. தூங்குகிறவர்கள் ஃபோனைத் தலைமாட்டில் வைத்து வெறுமனே காத்திருந்தார்கள். முதலில் ஒரு பெண்குரல் பேர் சொல்லும், பிறகு அக்கார்டியன் வரும்.

கிண்ணங்கள் வர ஆரம்பித்தது அந்த வாரம்தான். முதலாவது, ஆ-யுனின் சன்னல் திண்டில் விடிகாலையில் இருந்தது. கையகலக் கண்ணாடிக் கிண்ணம், சோம்பு வாசனை அடிக்கிற நார்வே சாராயம், அடியில் நான்காக மடித்த நோட்டு. பல் வைத்தியருடையது என்று பிற்பாடு தெரிந்தது. அவர் தூக்கத்திலேயே எழுந்து சமையலறைக்குப் போய் ஊற்றி, சன்னலைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினாராம், யாரோ வாங்கிக்கொண்டார்களாம். அடுத்து பிரேசில் கரும்புச் சாராயம், கனடாவிலிருந்து ஆப்பிள் சாறு, எங்கோ ஒரு மருத்துவமனையிலிருந்து பிளாஸ்டிக் குவளையில் வெந்நீர். வெந்நீருக்கு அடியில் ஒரு நாணயம் மட்டும். அதை ஆ-யுன் செலவழிக்கவில்லை. மற்றதை எல்லாம் துறைமுக வாசலில் நாணயம் மாற்றும் கௌவிடம் கொண்டுபோனாள். மாலுமிகள் எந்த நாட்டு நோட்டை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் மாற்றுகிறவர் அவர். ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "ஆ-யுன், நோட்டெல்லாம் ஈரமா இருக்கு, சாராய நாத்தம். ஈர நோட்டுக்கு விலை கம்மி." "பாடினவன் வேர்வைன்னு நினைச்சுக்கோங்க. முழு விலை போடுங்க" என்றாள். போட்டார். சியோக் அக்கா கிண்ணங்களைக் கழுவி அடுக்கித் தன் கடையில் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். இப்போது எங்கள் ஊரில் மீன் உருண்டையை உலகத்துக் கிண்ணங்களில்தான் சாப்பிடுகிறோம்.

தோள்வலி நிற்கவில்லை. ஆனால் அது செய்த வேலைக்கு வருகிற வலி, அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. நாளுக்கு இத்தனை நேரம் என்று ஆ-யுன் கணக்கு வைத்துக்கொண்டாள். மிஞ்சினால் வாரைக் கட்டிவிடுவாள். காலையில் ஐரோப்பா, மத்தியானம் அமெரிக்கா, சாயங்காலம் தோங் அண்ணனோடு கோயில் வாசல். எத்தனையோ ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாடுகிறார்களே, ஒரு பெட்டியால் எப்படி முடிகிறது என்று பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டார்கள். "மேசை அதிகம். அவ்வளவுதான்" என்றாள்.

நண்டுக்கடை ஜின்-ஃபா மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் நாற்காலியில் சாய்ந்து தூங்குவான். அவனும் பாடுகிறான். அவனிடமிருந்து மட்டும் கிண்ணம் வரவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் அவன் கடை. நடந்து வந்தால் ஒரு நிமிஷம். தெரியாதவனுக்கு ஒரு பாட்டு இனாம் கொடுக்கலாம். ஜின்-ஃபாவுக்குச் சட்டம் தெரியும், பத்து வருஷம் அவள் வாசிக்கப் பாடியவன். "ஒரு கிண்ணம், ஒரு பேரு. அது வர்றவரைக்கும் அவனுக்கு வாசிக்க மாட்டேன். லார்ஸுன்னு சொன்ன வாயால பி-யுன்னு சொல்லிட்டு அவன் எந்த நாள்ல வேணா வரட்டும். காசு கூட வேணாம்" என்று தோங் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். ஜின்-ஃபா, "அது எப்படிங்க அவளா இருக்க முடியும், அவளை எனக்குத் தெரியுமே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே கீலுங்கில் துணையில்லாமல் தூக்கத்தில் பாடுகிற ஒரே ஆள் இன்றைக்கும் அவன்தான். ஊர் பழகிவிட்டது, அவன் இரண்டாவது சரணம் எடுத்தால் சியோக் அக்கா அடுத்த சட்டியை அடுப்பில் வைப்பாள். மேலே ஆ-யுன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் அக்கார்டியன் அமெரிக்காவுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். கால்வாயைத் தாண்டி அவன் குரல் தடுமாறி வரும். அவள் நுழைந்து தாங்க வேண்டிய இடம் வரும். அப்போது அவள் கையிலிருக்கிற குச்சிகள் ஒரு கணம் நிற்கும். பிறகு அவள் சாப்பிடுவாள்.